கணக்கர் செய்த பிழைக்கு அபராதம் நான் கட்டுவதா?

கேள்வி: சிங்கப்பூர்த் தேக்காவில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறோம், பிரைவேட் லிமிடெட் நிறுவனம். வரிக் கணக்கை வெளிக் கணக்கர் ஒருவர் பார்க்கிறார். நிறுவனத்தின் பெயரில் உள்ள காரின் பெட்ரோல், காப்புறுதி, பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் செலவாகக் காட்டிவிட்டார். உள்நாட்டு வருவாய் ஆணையம் அதை ஏற்காமல் கூடுதல் வரியும் அபராதமும் விதித்துள்ளது. “எல்லாரும் இப்படித்தான் காட்டுவாங்க அண்ணே” என்று கணக்கர் கைவிரிக்கிறார். பணத்தை அவரிடம் வாங்க முடியுமா?

பதில்: வரியை வாங்க முடியாது. அபராதத்தைக் கேட்க இடமுண்டு.

‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் எண் கொண்ட கார் நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும், கடை வேலைக்கே ஓடினாலும் அதன் செலவைக் கழிக்க முடியாது. ‘ஜி’ எண் வேன் என்றால் கதை வேறு. ஆகவே, கணக்கர் ஒழுங்காகச் செய்திருந்தாலும் அந்த வரி உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். அவரால் வீணாகப் போனது அபராதமும், கணக்கைத் திருத்த இன்னொருவருக்குக் கொடுக்கும் கட்டணமும்தான்.

முதலில் ஆணையத்தின் வேலையை முடியுங்கள். மதிப்பீட்டை ஆட்சேபிக்க நிறுவனங்களுக்கு 2 மாதம் உண்டு. ஆனால் ஆட்சேபித்தாலும் வரியை ஒரு மாதத்துக்குள் கட்டியாக வேண்டும். தவறினால் மேலும் 5 விழுக்காடு சேரும். ‘கணக்கர் செய்தது’ என்ற பதில் அங்கே எடுபடாது. ஜிஎஸ்டி பதிவு இருந்தால், அந்தக் காருக்கான ஜிஎஸ்டியையும் திரும்பக் கோரியிருக்கிறாரா என்று பாருங்கள். அதுவும் கூடாது. ஆணையம் கேட்பதற்குமுன் நீங்களே சொல்லிவிட்டால் தண்டனை வெகுவாகக் குறையும்.

கணக்கர் மீதான வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்: அது எந்த வண்டி என்று அவருக்குத் தெரியுமா? பெட்ரோல் ரசீதை மட்டும் கொடுத்திருந்தால் “வேன் என்று நினைத்தேன்” என்பார். காப்புறுதி பில்லிலும் பட்டறை பில்லிலும் வண்டி எண் இருக்கும். அவற்றை அவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் தேதி தெரிய எடுத்து வையுங்கள். வேலை ஒப்பந்தக் கடிதத்தையும் படியுங்கள். அவருடைய பொறுப்பைக் கட்டண அளவோடு நிறுத்தும் வாசகம் அதில் ஒளிந்திருக்கலாம்.

பிறகு தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி (வேலையில் செய்யும் பிழையால் பிறருக்கு வரும் நஷ்டத்துக்கானது) வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் பேச்சில் மரியாதை வரும். மசியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, அந்தச் செலவு மிச்சம்.

சிங்கப்பூரில் பிறருக்கு வரிக் கணக்குச் செய்ய உரிமம் கட்டாயமில்லை. அவர் பட்டயக் கணக்காளர் கழக உறுப்பினர் என்றால் அங்கே புகார் தரலாம். அது அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கைக்குத்தான், உங்களுக்குப் பணம் வாங்கித் தராது.

“அடுத்த வருஷம் இலவசமாச் செஞ்சு தர்றேன்” என்று வருவார். ‘இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது’ என்ற தாளையும் கூடவே நீட்டினால், அபராதத் தொகை முழுதாகத் தெரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.