வீட்டுக் கணினிகளுக்கிடையே கோப்புறைப் பகிர்வு: லினக்ஸ் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வீட்டிலுள்ள லினக்ஸ் கணினிகள் ஒன்றையொன்று பார்க்க மறுப்பதைப் பற்றியவை. கோப்புறையை வைத்திருப்பதைத் ‘தரும் கணினி’ என்றும், அதைத் திறக்க முயல்வதைப் ‘பெறும் கணினி’ என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன். குழப்பம் குறையும்.

கேள்வி: அக்கா, மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட், மடிக்கணினியில் உபுண்டு. சாம்பா (கோப்புறைகளைப் பகிரும் நிரல்) நிறுவி ஒரு கோப்புறையைப் பகிர்ந்தேன். மடிக்கணினியில் ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்தால் வெறுமையாக இருக்கிறது. பகிர்வே நடக்கவில்லையா?

நடந்திருக்கக்கூடும். வாசலில் பெயர்ப்பலகை இல்லாததால் வீட்டில் ஆளில்லை என்று ஆகிவிடாது. முன்பு கணினிகள் தம் பெயரை அறிவித்துக்கொண்டது, சாம்பா பேசும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை ஒட்டிய பழைய ஏற்பாட்டில். அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது. 2019 செப்டம்பரில் வந்த சாம்பா 4.11 அதை இயல்பாகவே அணைத்து வைத்தது. பழைய பட்டியலும் அதோடு போயிற்று. இப்போது லினக்ஸ் கணினிகளுக்கிடையே அறிவிப்பு வேலையைச் செய்வது அவாஹி என்ற வேறொரு நிரல். அது ஓடாவிட்டால் பட்டியல் வெறுமையாகத்தான் இருக்கும்.

ஆகவே பட்டியலை மறந்துவிட்டு, கோப்பு மேலாளரின் முகவரிப் பட்டையில் எஸ்எம்பி://192.168.1.10 என்பது போலத் தரும் கணினியின் ஐபி எண்ணை நேராகத் தட்டுங்கள் (முதல் மூன்றெழுத்தை ஆங்கிலத்தில்). திறந்தால் புத்தகக்குறி போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

திறக்கவில்லையென்றால் தரும் கணினியிலேயே உட்கார்ந்து, எஸ்எம்பிகிளையன்ட் கட்டளையால் அதே கணினியின் பகிர்வுகளைக் கேளுங்கள். அங்கேயே பதில் வராவிட்டால் வைஃபையைக் குறை சொல்வதில் பொருளில்லை. சாம்பா ஓடவில்லை அல்லது அமைப்புக் கோப்பில் பிழை. டெஸ்ட்பார்ம் கட்டளை பிழையான வரியைக் காட்டிக்கொடுக்கும். அங்கே பதில் வருகிறது, மடிக்கணினிக்கு மட்டும் வரவில்லை என்றால் பிங் செய்து பாருங்கள். பிங் போகிறது, சாம்பா பயன்படுத்தும் 445-ஆம் போர்ட் திறக்கவில்லை என்றால் ஃபயர்வால். பிங்கே போகவில்லையென்றால், மடிக்கணினி ரவுட்டரின் ‘விருந்தினர்’ வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இணையம் கிடைக்கும். பக்கத்துக் கணினி கிடைக்காது. மடிக்கணினியில் விபிஎன் ஓடினாலும் இதே கதைதான்.

கேள்வி: பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியாகத்தான் கொடுக்கிறேன். மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கணினிக்குள் நுழையும் கடவுச்சொல்லை சாம்பா பார்ப்பதே இல்லை. அதற்குத் தனிப் பதிவேடு உண்டு. தரும் கணினியில் எஸ்எம்பிபாஸ்வேர்ட் (smbpasswd) கட்டளையை ‘-ஏ’ தெரிவோடு ஓட்டி, அந்தப் பயனரைச் சேருங்கள். அதே பெயரில் அந்தக் கணினியில் ஒரு லினக்ஸ் பயனரும் இருக்க வேண்டும்.

கேள்வி: ஐயா என்பதா அம்மா என்பதா தெரியவில்லை, மன்னிக்கவும். உள்நுழைவு சரியாக நடக்கிறது. ஆனால் கோப்புறையைத் திறந்தால் ‘அனுமதி இல்லை’ என்கிறது. 777 கூடப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அம்மா என்றே சொல்லலாம். அந்த 777-ஐ முதலில் எடுத்துவிடுங்கள். அதனால் நோய் தீரவில்லை என்பது ஒருபுறம். வீட்டிலுள்ள எந்த நிரலும் அந்தக் கோப்புறையில் எதையும் எழுதலாம், அழிக்கலாம் என்று ஆக்கிவிட்டீர்கள்.

லினக்ஸ் ஒரு கோப்புறையின் அனுமதியை மட்டும் பார்ப்பதில்லை. மேலிருந்து அங்கு போகும் வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழைய உரிமை இருக்க வேண்டும். நீங்கள் பகிர்ந்திருப்பது உங்கள் இல்லக் கோப்புறைக்குள் இருக்கும் ஒன்று என்று நினைக்கிறேன். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் இல்லக் கோப்புறைக்கு 750 என்ற அனுமதிதான் கிடைக்கிறது: உரியவரும் அவரது குழுவும் நுழையலாம், மற்றவர்கள் முடியாது. விருந்தினராக வருபவரை சாம்பா ‘நோபடி’ என்ற பயனராக நடத்துகிறது. அவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். உள்ளே 777 இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன! நேம்ஐ கட்டளையை ‘-எல்’ தெரிவோடு ஓட்டினால் முழுப் பாதையின் அனுமதிகளும் வரிசையாக வரும். எந்தப் படியில் அடைபடுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

வெளி வட்டை (யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்) பகிர்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. செருகியதும் தானாக அது மீடியா கோப்புறையின் கீழ் உங்கள் பெயரில் போய் உட்காரும்; அந்த இடம் உங்களுக்கு மட்டுமே திறக்கும். பகிர்வதற்கென்று எஸ்ஆர்வி கோப்புறையின் கீழ் ஓர் இடம் ஒதுக்கி, வட்டுகளை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வரி எழுதி வட்டை அங்கே ஏற்றுங்கள். இல்லக் கோப்புறையைத் திறந்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: மேலே சொன்னபடி எல்லாம் செய்தேன். என்னுடையது ஃபெடோரா. இன்னும் அனுமதி இல்லை என்கிறது.

காரணம் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு. சாதாரண அனுமதிகளுக்கு மேல் அது ஒரு சீட்டு கேட்கும். அந்தக் கோப்புறைக்கு சாம்பா பகிர்வுக்கான ‘சாம்பா_ஷேர்_டி’ அடையாளத்தைக் கொடுத்தால் வழி விடும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும், கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லாமே லினக்ஸ். சாம்பா தேவையா?

தேவையில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் கொண்டுவந்த என்எஃப்எஸ் என்ற பகிர்வு முறை, யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கென்றே பிறந்தது. எப்போதும் மேசைமேல் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கைப்பேசி, தொலைக்காட்சி, விருந்தாளியின் விண்டோஸ் மடிக்கணினி என்று வந்தால் சாம்பா. எப்போதாவது நான்கு கோப்பு எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு எஸ்எஸ்எச் (ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) போதும்: கோப்பு மேலாளரிலேயே எஸ்எஃப்டிபி என்று முகவரி கொடுத்துத் திறக்கலாம். பல வீடுகளில் இந்த மூன்றாவதே போதுமானதாக இருக்கும். ஏனோ யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

கேள்வி: என்எஃப்எஸ் ஏற்றிவிட்டேன். கோப்புகள் தெரிகின்றன, ஆனால் எழுத முடியவில்லை. இரு கணினியிலும் என் பயனர் பெயர் ஒன்றுதான்.

பெயர் ஒன்றாக இருப்பது உதவாது, எண் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் வழக்கமாக அமைக்கும் முறையில் என்எஃப்எஸ் கடவுச்சொல் கேட்பதில்லை. ‘1001-ஆம் எண் பயனர் வந்திருக்கிறேன்’ என்று பெறும் கணினி சொல்லும், தரும் கணினி அப்படியே நம்பும். உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாவற்றிலும் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும். மேசைக் கணினியில் நீங்கள் முதல் பயனர், மடிக்கணினியில் வீட்டம்மாவுக்கு அடுத்ததாகச் சேர்ந்தவர் என்றால், அங்கே 1000, இங்கே 1001. தரும் கணினியின் கண்ணுக்கு நீங்கள் வேறு ஆள். இரண்டிலும் ‘ஐடி’ என்று தட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எண்ணை மாற்றலாம். ஆனால் பழைய எண்ணில் இல்லக் கோப்புறைக்கு வெளியே கிடக்கும் கோப்புகளைத் தேடித் தேடி உரிமை மாற்ற வேண்டியிருக்கும். வீட்டுக்கு எளிய வழி, எதை யாருக்குப் பகிர்வது என்று சொல்லும், தரும் கணினியின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ‘ஆல்_ஸ்குவாஷ்’ தெரிவையும், ‘அனான்யுஐடி’, ‘அனான்ஜிஐடி’ இரண்டுக்கும் 1000 என்ற மதிப்பையும் கொடுப்பது. யார் வந்தாலும் 1000-ஆம் பயனராகவே எழுதுவார். சூடோ போட்டும் எழுத முடியவில்லை என்று வியப்பவர்களுக்கு: ரூட்டாக (நிர்வாகியாக) வருபவரை என்எஃப்எஸ் இயல்பாகவே ‘நோபடி’ ஆக்கிவிடும். அது பழுதல்ல, பாதுகாப்பு.

அந்தக் கோப்பைத் திறக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். 192.168.1.0/24 என்ற முகவரிக்கும் அடுத்த அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி இருக்கவே கூடாது. இருந்தால் உங்கள் வீட்டு முகவரிகளுக்குப் படிக்க மட்டும் அனுமதி. எழுதும் உரிமை உலகத்தில் மற்ற எல்லோருக்கும்! ஒற்றை இடைவெளியில் இவ்வளவு வில்லங்கம் உள்ள கோப்பு வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. திருத்தியபின் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை ‘-ஆர்ஏ’ தெரிவோடு ஓட்ட மறக்காதீர்கள்.

கேள்வி: மேசைக் கணினியை அணைத்துவிட்டால் மடிக்கணினி உறைந்துபோகிறது. கோப்பு மேலாளர் திறக்காது, டிஎஃப் கட்டளை கூட நின்றுவிடுகிறது. மறுதொடக்கம் செய்தாலும் நீண்ட நேரம் காத்திருக்கிறது.

என்எஃப்எஸ் பிடிவாதக்காரன். தரும் கணினி காணாமல் போனால் திரும்பி வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அதன் இயல்பு. ‘சாஃப்ட்’ தெரிவு கொடுத்தால் சிறிது நேரத்தில் கைவிடும். ஆனால் பாதி எழுதிய கோப்பையும் சேர்த்துக் கைவிடும். படம் பார்க்க, பாட்டுக் கேட்க மட்டும் என்றால் கொடுங்கள். எழுதுவதற்கு வேண்டாம்.

எஃப்எஸ்டேப் வரியில் ‘நோஃபெயில்’, ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’ இரண்டையும் சேருங்கள். தொடக்கம் காத்திருக்காது, கோப்புறையை நீங்கள் தொடும்போதுதான் ஏற்றும். இப்போது உறைந்து கிடப்பதை விடுவிக்க, யுமவுண்ட் கட்டளையை ‘-எல்’ தெரிவோடு ஓட்டுங்கள்.

கேள்வி: நேற்றுவரை வேலை செய்தது. மின்வெட்டுக்குப் பிறகு போய்விட்டது. எதையும் தொடவில்லை.

ரவுட்டர் தொட்டிருக்கும். மீண்டும் உயிர்பெற்றபோது தரும் கணினிக்கு வேறு ஐபி எண் கொடுத்திருக்கிறது. ஐபி எண்களைப் பங்கிடும், ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் அந்தக் கணினிக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள்.

கேள்வி: தமிழில் பெயரிட்ட சில கோப்புகளை மட்டும் நகலெடுக்க முடியவில்லை. பெயர் மிக நீளம் என்கிறது. விண்டோஸில் பயன்படுத்திய வட்டில் அவை நன்றாகவே இருக்கின்றன.

நல்ல கேள்வி. பகிர்வின்மேல் குற்றமில்லை. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3. புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனிக் குறியீடுகள். ‘கோவில்’ நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, கணினிக்கு 6 குறியீடு, 18 பைட். ஆக நாற்பது, ஐம்பது எழுத்திலேயே எல்லை வந்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் 255 குறியீடுகள்வரை ஏற்கும். அதனால்தான் அங்கே இருந்தது இங்கே வர மறுக்கிறது. சொற்பொழிவுத் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பெயரைச் சுருக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இஎக்ரிப்ட்எஃப்எஸ் கொண்டு குறியாக்கிய பழைய இல்லக் கோப்புறையென்றால் எல்லை இன்னும் குறைவு.

பெயரில் ‘10:30’ என்பது போல முக்காற்புள்ளி இருந்தால் சாம்பா வழியே அது புரியாத குறும்பெயராகத் தெரியலாம். விண்டோஸ் அந்தக் குறியை ஏற்காது, சாம்பா விண்டோஸ் வழக்கத்தைப் பின்பற்றுகிறது.

கேள்வி: எல்லாம் சரி, வேகம்தான் இல்லை. கேபிளில் இணைத்தும் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை. ரவுட்டர் கிகாபிட் வகை.

11 என்ற எண்ணே சொல்லிவிடுகிறது: இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது. கிகாபிட்டுக்குக் கேபிளின் 8 கம்பிகளும் வேண்டும். 100-க்கு 4 போதும். ஒரு கம்பி விட்டுப்போனாலும் இரு முனையும் ஓசையின்றி 100-க்கு இறங்கிவிடும். ஈத்டூல் கட்டளையில் வேகம் 100 என்று காட்டினால் முதலில் கேபிளை மாற்றுங்கள். நொடிக்கு 110 மெகாபைட்டை ஒட்டி வர வேண்டும், தரும் கணினியின் வட்டு அவ்வளவு வேகமாகப் படிக்கக்கூடியதாக இருந்தால். ஆயிரக்கணக்கான சிறு படங்களை நகலெடுக்கும்போது மட்டும் இந்த எண்ணை எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் திறக்க, மூட என்று தனித்தனியே போய்வர வேண்டும். அவற்றை ஒரே டார் கோப்பாகக் கட்டி அனுப்பினால் விரைவில் முடியும்.