மோல்டு யாருடையது?

கேள்வி: மண்டபம் பக்கம் மூடிக் கிடந்த ஓர் ஐஸ் கம்பெனிக்குள் விண்கல அரங்கம் அமைத்து, தனுஷ்கோடி மணலை வேற்றுக்கோளாகக் காட்டி, 18 லட்ச ரூபாயில் ஒரு விண்வெளித் திகில் படம் எடுத்திருக்கிறேன். அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. ஓடிடி நிறுவனம் ஒன்று வாங்கச் சம்மதித்திருந்த நேரத்தில், இதே போன்ற படத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திய சென்னைத் தயாரிப்பாளர் ஒருவர், என் படம் அவர் படத்தின் நகல் என்று வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பி, அதன் பிரதியை ஓடிடிக்கும் கொடுத்துவிட்டார். அவர் கதையே 1979-இல் வந்த 'ஏலியன்' படத்தைப் பார்த்து எழுதியதுதான். உலகத்துக்கே தெரிந்த கதையைச் சுட்டவர் என்னைத் திருடன் என்பதா? மிருகத்தின் உருவம் மட்டும், அவருக்காகச் செய்த மோல்டு (வார்ப்பு அச்சு) பாம்பனில் ஒரு ஃபைபர் பட்டறையில் சும்மா கிடந்தது. பட்டறை அண்ணன்தான் "எடுத்துக்கோ தம்பி" என்றார். சங்கும் பவளத்துண்டும் ஒட்டி அடையாளமே தெரியாமல் மாற்றிவிட்டோம். காப்புரிமைச் சட்டப்படி அவர் மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா?

— ஓர் இயக்குநர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் சட்டம் உட்கார்ந்து படிக்கக்கூடிய வாக்கியம் ஒன்றுதான் இருக்கிறது: மோல்டு சும்மா கிடந்தது. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நகை அடகு, ஊரார் பேச்சு, அவர் போனில் பேசிய தொனி ஆகியவற்றை நீதிமன்றம் கேட்காது என்பதால் நானும் கேட்கப்போவதில்லை. தமக்கு உரிமை இருப்பதாக நம்பி ஒருவர் நோட்டீஸ் அனுப்புவதை அவதூறு என்று நிரூபிப்பது கடினம். மானநஷ்ட வழக்கை மறந்துவிடுங்கள். (நீங்கள் சொல்வது பதிப்புரிமை. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. பதில் நோட்டீஸில் இதை மாற்றி எழுதினால் எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே உங்களை எடைபோட்டுவிடும்.)

கதையைப் பற்றிய உங்கள் கவலையை முதலில் முடித்துவிடுவோம். கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அவை வெளிப்படுத்தப்பட்ட விதத்துக்குத்தான் உண்டு என்பதை ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இலேயே தெளிவாக்கிவிட்டது. ஒரு நாடகத்தைப் பார்த்துத் திரைப்படம் எடுத்ததாக வந்த வழக்கு அது. மையக்கருத்து ஒன்றாக இருந்தும், இரண்டையும் பார்க்கும் சாதாரண ரசிகருக்கு ஒன்று மற்றதன் நகல் என்ற எண்ணம் வரவில்லை என்றால் மீறல் இல்லை என்று நாடக ஆசிரியரின் முறையீடு தள்ளுபடியானது. மூடிய கலத்துக்குள் சிலர், வெளியிலிருந்து உள்ளே வந்துவிட்ட ஓர் உயிர், ஒவ்வொருவராகச் சாகும் குழுவினர், கடைசியில் காற்றறைக் கதவு என்ற இந்த எலும்புக்கூடு எவருடைய சொத்தும் அன்று.

நீங்கள் மூலம் என்று கருதும் 1979-ஆம் ஆண்டுப் படத்துக்கே முன்னோர் இருந்தார்கள். செவ்வாயிலிருந்து திரும்பும் கலத்தில் ஒளிந்து ஏறிய ஒரு பிராணி பயணிகளைக் கொல்வதும், அவர்கள் காற்றை வெளியேற்றி அதைக் கொல்வதும் 'இட்! தி டெரர் ஃப்ரம் பியாண்ட் ஸ்பேஸ்' என்ற 1958-ஆம் ஆண்டுச் சிறு படத்தில் வந்துவிட்டன. உதவி கேட்கும் சமிக்ஞையைத் தொடர்ந்து போய், கைவிடப்பட்ட கலத்தில் இராட்சத எலும்புக்கூட்டைக் காண்பது 1965-இல் மாரியோ பாவா இயக்கிய 'பிளானட் ஆஃப் தி வேம்பயர்ஸ்' படத்தில் உண்டு. மனித உடலுக்குள் முட்டையிடும் வேற்றுலக உயிரை ஏ.இ. வான் வோக்ட் 1939-இல் வெளிவந்த சிறுகதையிலேயே எழுதிவிட்டார்; அவர் தொடுத்த வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை, நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள். பெரிய ஸ்டூடியோவே தீர்ப்புக்குக் காத்திருக்காமல் எழுந்துபோனதை நினைவில் வைத்திருங்கள். பின்னால் இதற்கு வருவேன்.

அதன்பின் சிறு முதலீட்டில் வந்த படங்களின் வரிசையைப் பாருங்கள். 1981-இல் ரோஜர் கார்மன் தயாரித்த 'கேலக்ஸி ஆஃப் டெரர்', அதே ஆண்டில் இங்கிலாந்தில் சிசில்ஹர்ஸ்ட் குகைகளை வேற்றுக்கோளாக்கி எடுத்த 'இன்செமினாய்டு' போன்றவை பெரிய படத்தின் வெற்றிக்குப் பின் வந்தவை. கார்மனின் அந்தப் படத்தில் அரங்க வடிவமைப்பில் உழைத்த ஜேம்ஸ் கேமரூன்தான் 1986-இல் பெரிய படத்தின் இரண்டாம் பாகத்தையே இயக்கினார். இந்த வகைப் படங்கள் ஒன்றையொன்று பார்த்தே வளர்ந்தவை. அந்த அளவுக்கு உங்களுக்கும் இடம் உண்டு, சென்னைக்காரருக்கும் உண்டு.

ஆனால் பெயரை மாற்றி, ஊரை மாற்றிவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். டிராகுலாவின் பெயரை மாற்றி 1922-இல் ஜெர்மனியில் எடுத்த 'நோஸ்ஃபெரட்டு' படத்தின் பிரதிகளை அழிக்கும்படி 1925-இல் அங்குள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. விண்வெளிச் சிறைக்குள் புகுந்து ஒரு பெண்ணை மீட்கும் 'லாக்கவுட்' படத்துக்கு எதிராக, 'எஸ்கேப் ஃப்ரம் நியூ யார்க்' இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் 2015-இல் பாரிஸ் நீதிமன்றத்தில் வென்றார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் தொகை கூடியதே தவிரக் குறையவில்லை. அங்கே 'லாக்கவுட்' தோற்றது தனித்தனிக் காட்சிகளால் அன்று. நாயகனின் இயல்பு, அவனுக்கு வைக்கப்படும் பேரம், நுழையும் விதம், சந்திக்கும் ஆள் என்று சங்கிலி முழுவதும் ஒத்துப்போனதால்தான். எனவே எதிர்த்தரப்பின் திரைக்கதை உங்கள் கைக்கு எப்போதாவது வந்ததா என்பதை எனக்கு மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் கதை பற்றிய அவர் வாதம் நிற்காது.

"அவரும் சுட்டவர்தானே" என்பது தற்காப்பாகாது. பொதுச் சொத்திலிருந்து அவர் எடுத்த பகுதியில் அவருக்கு உரிமையில்லை என்று சொல்ல அது உதவும். அவர் தம் செலவில் புதிதாகச் செய்துகொண்ட பகுதியை நீங்கள் எடுக்க அது உரிமை தராது. மோல்டு அந்த இரண்டாம் வகை.

படகுப் பட்டறை வழக்கம் எனக்குத் தெரியும். ஒருவர் சொல்லிச் செய்த மோல்டிலிருந்து இன்னும் பத்து வள்ளம் எடுப்பார்கள், எவரும் கேட்பதில்லை. வள்ளத்தின் உடல் பயன்பாட்டுப் பொருள்; முகமும் நகமும் முதுகுத்தண்டும் கொண்ட மிருக உருவம் சிற்பம், அதாவது பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி கலைப்படைப்பு. இதில் உங்களுக்குச் சாதகமான ஓர் இடமும் இருக்கிறது. 17-ஆம் பிரிவின்படி படைத்தவரே முதல் உரிமையாளர். பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கு உரிமை போகும் என்ற விதிவிலக்கு புகைப்படம், ஓவியம், உருவப்படம், திரைப்படம் போன்ற சிலவற்றுக்குத்தான், சிற்பம் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டறை அண்ணன் சம்பள ஆளாக இல்லாமல் தம் கற்பனையில் செய்திருந்து, எழுதிக் கையெழுத்திட்ட உரிமை மாற்ற ஆவணம் எதுவும் இல்லையென்றால், உருவம் அவருடையது. அவர் உங்களுக்கு அனுமதி தரலாம். ஆனால் தயாரிப்பாளரின் கலை இயக்குநர் வரைந்து கொடுத்த வரைபடத்தைப் பார்த்து அவர் மோல்டு எடுத்திருந்தால், அந்த வரைபடத்தின் முப்பரிமாண நகலே உங்கள் மிருகம். உங்கள் வழக்கின் முடிவு அந்த வரைபடத் தாளில் இருக்கிறது. நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதற்கு முன் பாம்பனுக்குப் போய் அந்தத் தாள் உண்டா, யார் வரைந்தது என்று பாருங்கள்.

சங்கு ஒட்டி மாற்றியது உங்களைக் காக்காது. அடியில் இருப்பது கணிசமாக அதுவே என்றால் மேலே ஒட்டியது அலங்காரம்தான்; நகலை மறைக்க முயன்றதாகவும் வாதிடுவார்கள். பவளத்துண்டு அசல் என்றால் அது வேறு தலைவலி: மன்னார் வளைகுடாப் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அதைப் பற்றிக் கடிதத்தில் எழுதாமல் நேரில் வாருங்கள்.

இனி, என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் விழுந்த குழிகளைச் சொல்கிறேன். தீர்ப்பில் தோற்றுப் படத்தை இழந்தவர்களைவிட, தீர்ப்புக்கு வெகுநாள் முன்பே இழந்தவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பின் அலுவலகம் சென்னையில் இருப்பதால் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பார், இராமநாதபுரத்தில் அன்று. வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்பு உங்களைக் கேளாமலேயே இடைக்காலத் தடையாணை வாங்க முயல்வார். என்னைக் கேளாமல் உத்தரவிட வேண்டாம் என்று நீதிமன்றத்தை முன்கூட்டியே கேட்கும் கேவியட் மனுவை இன்றே தாக்கல் செய்யுங்கள். அது 90 நாள்தான் நிற்கும், புதுப்பிக்க மறந்த வாரத்தில்தான் மனு வரும். தடையாணை வந்துவிட்டால் அதை நீக்கப் பல மாதம் ஆகலாம். 18 லட்ச ரூபாய்ப் படத்துக்கு அத்தனை மாதத் தாமதமே மரணம்.

தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருப்பார்கள். அது உள்ளடக்கத்துக்கான சான்று. நகலா அசலா என்று அந்த வாரியம் பார்ப்பதில்லை.

ஓடிடி ஒப்பந்தத்தில் நீங்கள் படிக்காமல் கையெழுத்திட்டிருக்கக்கூடிய பத்தி ஒன்று உண்டு: படத்தின் எல்லாப் பகுதியும் சொந்தப் படைப்பு என்ற உறுதிமொழியும், எவரேனும் உரிமை கோரினால் நிறுவனத்தின் வழக்குச் செலவு உட்பட அனைத்தையும் நீங்களே ஈடுசெய்வதாகச் சொல்லும் உறுதியும். சென்னைக்காரர் நிறுவனத்தையும் பிரதிவாதியாகச் சேர்த்தால், அவர்களுடைய மூத்த வழக்கறிஞரின் கட்டணம் உங்கள் கணக்கில் ஏறும். படத்தில் வந்த முழுத் தொகையையும் இப்படி இழந்த ஒருவரை நான் அறிவேன். அவர் வழக்கில் தோற்கவே இல்லை.

அடுத்த குழி உங்கள் வாய். உள்ளூர் யூடியூப் சேனலில் "அவங்க மோல்டுதான், நாங்க இன்னும் நல்லா பண்ணிட்டோம்" என்று பேட்டி கொடுத்ததாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில் அறிந்தே செய்ததற்கான ஒப்புதல் இருக்கிறது. 63-ஆம் பிரிவின்படி அறிந்து செய்யும் மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, பிணையில் விடத்தகாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறிவிட்டது. இனிப் பேட்டி வேண்டாம். வாட்ஸ்அப் குழுவையும் அழிக்க வேண்டாம்; அழித்தது தெரியவந்தால் அதுவே சாட்சியாகும்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: தீர்ப்புக்குக் காத்திருக்காத அந்தப் பெரிய ஸ்டூடியோவைப் போலச் சமரசம் செய்யுங்கள். வரைபடம் அவருடையது என்றால் கட்டாயமாக, பட்டறைக்காரருடையது என்றாலும் பெரும்பாலும். அவர் கைவிட்ட படத்தில் முடங்கிய பணத்தில் கொஞ்சம் திரும்பினால் அவருக்கும் போதும். ஒரு தொகை, 'உயிரின உருவ வடிவமைப்பு' என்று அவர் கலை இயக்குநருக்குப் பெயர்ப்பட்டியலில் ஒரு வரி, தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்ற வாசகம் ஆகியவற்றோடு முடியக்கூடிய விவகாரம் இது.

சமரசப் பத்திரத்தை ஊரில் டைப் அடிக்கும் இடத்தில் எழுதிவிடாதீர்கள். உரிமையின் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 19-ஆம் பிரிவின்படி அது ஐந்து ஆண்டுதான். எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் கீழக்கரைக்காரர்கள் உங்கள் படத்தைப் பார்க்கும்போது நீங்கள் மீண்டும் மீறலில் நிற்பீர்கள். வேறு விதமாக எழுதாவிட்டால், ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும் என்பதும் அதே பிரிவில் உண்டு. பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், இப்படத்துக்கும் அதன் தொடர்ச்சிகளுக்கும் என்று எழுதி, தயாரிப்பாளர், கலை இயக்குநர், பட்டறைக்காரர் மூவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

அந்த மூன்று கையெழுத்திலும் இன்றைய தேதியே இருக்கட்டும். படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி வாங்கியதாகக் காட்டப் பழைய தேதி போடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். முத்திரைத்தாள் விற்பனையான தேதி அதன் மேலேயே இருக்கும்.