43 வயதில் ராணுவச் சீருடை போடலாமா?

கேள்வி: நான் தாதி, வயது 43. தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன, குடியுரிமையும் வாங்கிவிட்டேன். மகனைத் தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பயிற்சிக்காகத் தெக்கோங் தீவு முகாமில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து, நானும் சீருடை போட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. நான் ரிசர்விஸ்ட் (முழுநேரச் சேவை முடிந்தபின் அவ்வப்போது அழைக்கப்படும் படைவீரர்) அதிகாரியாக முடியுமா? "பேரன் எடுக்கப்போற வயசுல இது எதுக்கு?" என்கிறார் கணவர்.
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அன்புத் தங்கைக்கு,

மகனோடு படகில் போய், கேம்ப் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிட்டு, அவனை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிய அம்மாக்களில் நானும் ஒருத்தி. நான் அழுததோடு சரி. உங்களுக்கு அதற்கு மேல் ஒன்று தோன்றியிருக்கிறது. அதை வயசுக்கோளாறு என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அதிகாரி ஆகும் ஆசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே ரிசர்விஸ்டுக்கு வரும் லெப்டினன்ட், கேப்டன் எல்லாரும் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டி, முழுநேரச் சேவையின்போதே ஜூரோங்கில் உள்ள சாஃப்டி ராணுவப் பயிற்சி நிலையத்தில் ஏறத்தாழ 9 மாதம் பயிற்சி பெற்றவர்கள். மற்றவர்களுக்குக் கடமை 40 வயதில் முடியும், அதிகாரிகளுக்கு 50 வரை நீளும். 43 வயதில் அந்தப் பாதையில் புதிதாக ஏற முடியாது.

ஆனால் உங்களைப் போன்றவர்களுக்காகவே 2014இல் ஒரு கதவு திறந்தது: சிங்கப்பூர் ஆயுதப் படையின் தொண்டூழியர் படை. பெண்கள், முதல் தலைமுறை நிரந்தரவாசிகள், புதிய குடிமக்கள் சேரலாம். தொடங்கியபோது வைத்த வயது வரம்பு 18 முதல் 45 வரை. அதனால் யோசித்துக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டிவிடாதீர்கள். அங்கே லெப்டினன்ட் கிடையாது. எஸ்வி1 முதல் எஸ்வி4 வரை தனிப் பதவிநிலைகள். அடிப்படைப் பயிற்சி இரண்டு வாரம். பிறகு ஆண்டுக்கு 14 நாள் வரை சேவை. காவல் பணி மட்டுமல்ல, மருத்துவம், சட்டம், பொறியியல் தெரிந்தவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது.

இனி, என் மனசில் உள்ளதைச் சொல்கிறேன். வார்டில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நாலு பேர் ஓடிவருவார்கள். பயிற்சியில் உங்கள் மகன் வயதுள்ள ஒரு சார்ஜண்ட், கட்டிலை ஒழுங்காகப் போடச் சொல்வான், பூட்ஸ் கயிற்றைத் திருத்தச் சொல்வான், வரிசையில் நேராக நிற்கச் சொல்வான். "சரி சார்ஜண்ட்" என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த இடத்தில் முகம் சுருங்கும் என்றால் இப்போதே விட்டுவிடலாம். தோளில் ஏறும் பட்டைக்காகப் போகிறவர்கள் அங்கே ஏமாந்துபோவார்கள். இந்த ஊருக்குக் கைகொடுக்க வேண்டும் என்று போகிறவருக்கு அது பெரிய விஷயமாகவே தெரியாது. உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது இரண்டாவது ஆள்தான்.

உடம்பையும் பாருங்கள். துப்பாக்கி மட்டுமே கிட்டத்தட்ட 4 கிலோ. முதுகுப்பை, தலைக்கவசம் வேறு. வருஷக்கணக்கில் நின்றே வேலை பார்க்கும் தாதிகளுக்கு இடுப்புவலி இல்லாமல் இருப்பது அபூர்வம். மருத்துவப் பரிசோதனையில் அதை மறைக்காதீர்கள். இன்றைக்கே நடக்கத் தொடங்குங்கள். அப்புறம் மெல்ல ஓட்டம். மகன் வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது அவனோடு இரண்டு சுற்று ஓடிப்பாருங்கள்.

கணவர் சொன்னதற்குக் கோபப்படாதீர்கள். அவர் கவலை வயதைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. மகனும் வீட்டில் இல்லை, நீங்களும் போய்விட்டால் வீடு வெறிச்சோடிவிடுமே என்ற பயம்தான். நாள்காட்டியை எடுத்துவைத்துக்கொண்டு, வருஷத்தில் அந்த 14 நாளை எங்கே வைக்கலாம் என்று அவரையே கேளுங்கள். வார்டு மேலாளரிடம் ஷிஃப்ட் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு. கணவர் ஒரு தேதியைச் சொன்ன அன்றைக்கே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.