முதல் நாளே முழுப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

கேள்வி: வயது 36, வங்கி ஊழியர். ஓராண்டாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, உயிர் போய்விடும் போல் இருக்கிறது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக உள்ளன. குடும்ப மருத்துவர் உளவியல் சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். ஒரு நிலையத்தில் விசாரித்தேன். 12 அமர்வுகளுக்கு 30,000 ரூபாய் பேக்கேஜ், இந்த வாரமே கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். உள்ளே என்ன நடக்கும்? மாத்திரை தருவார்களா? கணவருக்குத் தெரிந்துவிடுமா?
– ஒரு வாசகி, ஈரோடு.

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். மற்றவற்றை நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் நாள் ஒன்றும் பெரிதாக நடக்காது. எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு மேசை, நாற்பத்தைந்து அல்லது ஐம்பது நிமிடம். படபடப்பு எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை காபி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேள்விகள் வரும். 'செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா?' என்றும் கேட்பார்கள். பயப்பட வேண்டாம், வருகிற எல்லோரிடமும் கேட்பதுதான். பெரும்பாலோர் அன்று வீட்டுக்குப் போய், 'பேசினார்கள், அனுப்பிவிட்டார்கள்' என்று அலுத்துக்கொள்வார்கள். இரண்டாம், மூன்றாம் சந்திப்பில்தான் இன்ன பிரச்சினை, இன்ன வழி என்று திட்டம் பிடிபடும்.

அதன்பிறகு இருப்பது பேச்சு மட்டுமல்ல, வேலை. என்னிடம் வந்த ஒரு பெண்மணி கழுத்து நாடியில் இரண்டு விரலை வைத்தபடியேதான் பேசுவார். ஐந்தாவது அமர்வில் மாடிப்படியை இரண்டு முறை வேகமாக ஏறி இறங்கி வரச் சொன்னேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. விரலை எடுத்துக் கையை மடியில் வையுங்கள் என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருவரும் உட்கார்ந்திருந்தோம். நான்கு நிமிடத்தில் அடங்கியது. 'நான் ஒன்றுமே செய்யவில்லையே, எப்படி அடங்கியது?' என்று கோபமாகக் கேட்டார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்றுதான் அத்தனை வாரம் காத்திருந்தேன். நடுவில் சில வாரங்கள் முன்பைவிட மோசமாக இருப்பது போலத் தோன்றும். ஒளித்து வைத்ததை வெளியே எடுத்தால் அப்படித்தான் இருக்கும். பலரும் அந்த இடத்தில்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

மாத்திரையை உளவியலாளர் எழுத மாட்டார், எழுதவும் கூடாது. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். கணவருக்குச் சொல்லவும் மாட்டார். நீங்கள் பேசுவதை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டாரிடம் பேசுவோம்.

இப்போது அந்தப் பேக்கேஜுக்கு வருகிறேன். உங்களிடம் தொலைபேசியில் பேசியவர் சிகிச்சை தருபவர் அல்ல, விற்பனைக்கு இருப்பவர். உங்களைப் பார்க்காமலேயே பன்னிரண்டு என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? இப்படிக் கட்டிவிட்டு மூன்றாம் வாரமே பிடிக்காமல் போய், பணத்துக்காக அலைந்தவர்கள் என் அறைக்கு வந்து அழுதிருக்கிறார்கள். பெயருக்கு முன் 'டாக்டர்', சுவரில் சட்டம் போட்ட நாலு சான்றிதழ்; கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு நாள் பயிற்சி. 'ஆழ்மனதைச் சுத்தம் செய்கிறேன், மூன்றே நாளில் குணம்' என்பவரிடம் காது கொடுக்கவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். பன்னிரண்டு என்ற எண்ணே மோசடி அல்ல. உங்களுக்கு இருப்பது போன்ற பதற்றத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து வாரம் ஆவது வழக்கம்தான். உங்களை இரண்டு முறை பார்த்துப் பேசிய ஒருவர் 'சுமார் மூன்று மாதம் ஆகும்' என்றால் அவரை விட்டு ஓடிவிடாதீர்கள், அது திட்டம். வந்த அன்றைக்கு அன்றைக்குப் பணம் வாங்குவது முறை. நாலு அமர்வுக்கு ஒருமுறை கணக்கு முடிப்பதிலும் தவறில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வராவிட்டால் அன்றைய கட்டணத்தைக் கேட்பதும் நியாயமே, நானும் வாங்குகிறேன். பார்ப்பதற்கு முன்பே மொத்தத்தையும் கேட்பதுதான் வியாபாரம்.

போவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்கள் ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன?' மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும்; ஆர்.சி.ஐ. என்பது அதுதான். அதன் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். எண்ணைக் கேட்டதும் கோபித்துக்கொள்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இத்தனை சந்தேகத்தோடு நோயாளி ஏன் துப்பறிய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதே எரிச்சல்தான். 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், கேட்பாரில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைக்குப் போனால் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆனால் வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்தால் உங்களுக்கு வாரம் ஐம்பது நிமிடம் எங்கிருந்து கிடைக்கும்? உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நடைமுறையில் படுக்கையில் சேர்ந்தால்தான் பெரும்பாலான பாலிசிகள் பணம் தரும். நாற்காலியில் உட்கார்ந்து குணமாகிறவருக்குச் சொந்தப் பணம்தான். இந்த ஓட்டையில்தான் பேக்கேஜ்காரர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

ஆள் தேடிக்கொண்டிருக்கும் நாட்களில் இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

முதல் நாள் போகும்போது ஈசிஜி, எக்கோ, தைராய்டு அறிக்கைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் எடுத்து வரச் சொல்வார்கள்.