பண்ட்டரைப் போய் அப்படி இடிக்கலாமா? ஷான் டெய்லர் பற்றிக் கேள்வி பதில்

முதலில் விஷயம். 2007 பிப்ரவரி 10, ஹொனலுலுவின் அலோஹா ஸ்டேடியம். என்.எஃப்.எல். என்கிற அமெரிக்கக் கால்பந்து லீகின் நட்சத்திரங்கள் மோதும் காட்சி ஆட்டமான புரோ பவுல். பஃபலோ பில்ஸ் அணியின் பண்ட்டர் பிரையன் மூர்மன் பந்தை உதைப்பதுபோல் நின்றுவிட்டு, உதைக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினார். எல்லைக்கோட்டை நெருங்கும்போது வாஷிங்டன் அணியின் சேஃப்டி (பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்) ஷான் டெய்லர் வந்து இடித்ததில் மனிதர் தரையை விட்டுக் கிளம்பிப் போய் விழுந்தார். அது சரியா தப்பா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எனக்கு மெஸ்ஸி, ரொனால்டோ ஆடுகிற கால்பந்துதான் தெரியும். பண்ட்டர் என்றால் யார்?

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணிக்கு 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. மூன்றிலும் முடியாவிட்டால், நான்காவதில் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். அதை உதைப்பவர் பண்ட்டர். ஆட்டம் முழுக்க மேலே தூசு படாமல் வீட்டுக்குப் போகக்கூடிய ஒரு சிலரில் ஒருவர். உதைப்பதுபோல் ஏமாற்றிவிட்டு ஓடினால் அது ஃபேக் பண்ட்.

கேள்வி: காட்சி ஆட்டம்தானே சார்? யாருக்கும் புள்ளி இல்லை, கோப்பை இல்லை. இதில் போய் இவ்வளவு வெறி எதற்கு?

எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். நான் கொஞ்சம் முன்னால் இருந்து தொடங்குகிறேன். அப்போது புரோ பவுலுக்கென்று தனி விதிகள் இருந்தன. பிளிட்ஸ், அதாவது கூடுதல் தடுப்பாட்டக்காரர்களை அனுப்பிப் பந்தை வீசுபவர்மேல் பாய்வது, கூடாது. பண்ட் உதைக்கும்போது எதிரணி பாய்ந்துபோய்த் தடுக்கக் கூடாது. யாருக்கும் அடிபட வேண்டாம் என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதாவது, மூர்மன் நிம்மதியாக உதைக்கட்டும் என்று எதிரணியின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அந்த நிம்மதியைப் பயன்படுத்திக்கொண்டு மூர்மனின் ஏ.எஃப்.சி. அணி (லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றின் அணி) ஏமாற்று ஓட்டம் ஓடியது. அந்த அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? பில் பெலிச்சிக், ஆட்டத்தைச் சும்மா எடுத்துக்கொள்ளாத மனிதர். சும்மா விளையாடுகிறோம் என்ற பேச்சை முதலில் மீறியது எந்தப் பக்கம்? டெய்லர் இல்லை என்பது என் கட்சி.

கேள்வி: அதுக்காக? தோளைப் பிடித்து எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டிருக்கலாமே.

தள்ளியிருக்கலாம். இதை நான் மறுக்க மாட்டேன். மைதானத்தில் இருந்த மற்ற 21 பேரில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் டெய்லருக்கு அது முதல் புரோ பவுல், வயது 23. வாஷிங்டனுக்காக ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டங்களில் எப்படி ஆடுவாரோ அப்படியே அங்கேயும் ஆடினார். அவரிடம் இரண்டாவது கியர் கிடையாது. அது குணமா குறையா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. ஜெயிக்கிற அணிக்குத் தோற்கிற அணியைவிட இரண்டு மடங்கு பணம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏ.எஃப்.சி. 31–28 என்றுதான் ஜெயித்தது. அவ்வளவு சொத்தை ஆட்டமும் இல்லை.

கேள்வி: இன்றைய விதிப்படி ஃபவுல்தானே?

இல்லை. இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். உதைத்துவிட்டு நிற்கிற பண்ட்டரை ‘தற்காப்பற்ற ஆட்டக்காரர்’ என்று விதி காப்பாற்றுகிறது. 2013 டிசம்பரில் சின்சினாட்டியின் கெவின் ஹியூபரை பிட்ஸ்பர்க்கின் டெரன்ஸ் கார்வின் இடித்துத் தாடையை உடைத்தாரே, அது அந்த ரகம். நடுவர்கள் கொடி வீசி ஃபவுல் சொல்லவில்லை, ஆனால் வீசியிருக்க வேண்டும் என்று லீகே பிறகு ஒத்துக்கொண்டது. மூர்மன் விஷயம் வேறு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் நீங்கள் பண்ட்டர் இல்லை, ஓட்டக்காரர். ஓட்டக்காரரை இடிக்கலாம். 2018க்குப் பிறகு தலையைக் குனிந்து ஹெல்மெட்டால் முட்டினால் தண்டனை உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், என் கண்ணுக்குத் தோள்தான் தெரிகிறது.

கேள்வி: பாவம் அந்த மூர்மன். நோஞ்சான் மனுஷன்.

நோஞ்சான் எல்லாம் இல்லை. கல்லூரியில் தடை தாண்டி ஓடிய தடகள வீரர். அதனால்தான் அவரை நம்பி ஃபேக் ஓடவிடுவார்கள். எடை கிட்டத்தட்ட 80 கிலோ, டெய்லர் 95க்கு மேல். அதுவும் முழு வேகத்தில். இதில் எனக்குப் பிடித்த கட்டம் இடிக்கு அப்புறம் வருகிறது. மூர்மன் எழுந்தார். முறைக்கவில்லை, டெய்லரைத் தட்டிக்கொடுத்தார். அடி வாங்கியவருக்கே வருத்தமில்லை, நாம் ஏன் அடித்துக்கொள்கிறோம் என்று சில நாள் எனக்குத் தோன்றும்.

கேள்வி: வேறு விளையாட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

பேஸ்பாலில், 1970 ஆல் ஸ்டார் ஆட்டம், சின்சினாட்டி. 12வது இன்னிங்ஸில் பீட் ரோஸ், ரன் முடிகிற இடத்தைக் காக்கும் கேட்சர் ரே ஃபாஸியை மோதித் தள்ளி வெற்றி ரன்னை எடுத்தார். முந்தின இரவு இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் என்பது கூடுதல் சுவை. ஃபாஸியின் தோள் பழைய நிலைக்கு வரவே இல்லை. டெய்லரோடு இதை ஒப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது: மூர்மன் எழுந்து நடந்தார், ஃபாஸி வாழ்நாள் முழுக்க வலியோடு இருந்தார். மூர்மனுக்கும் அப்படி ஆகியிருந்தால் நான் இவ்வளவு தைரியமாக டெய்லர் பக்கம் பேசுவேனா? தெரியாது, பேசியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: இப்போது புரோ பவுல் உண்டா?

2023 முதல் இடிக்கிற ஆட்டமே கிடையாது. இடுப்பில் கட்டிய துணியை உருவுகிற ஃபிளாக் ஃபுட்பால். கடைசிச் சில வருடங்களில் யாரும் யாரையும் தொடாமல் ஆடிய கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது நிம்மதிதான்.

கேள்வி: டெய்லருக்கு என்ன ஆயிற்று? இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஆமாம். அதே 2007 நவம்பர் இறுதியில், மயாமிப் பக்கம் அவர் வீட்டில் திருட வந்தவர்கள் சுட்டார்கள். மறுநாள் இறந்தார், 24 வயது. அதற்கடுத்த புரோ பவுலில் வாஷிங்டனிலிருந்து போன மூவரும் அவருடைய 21ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள்.

ஆனால் அவர் போனபின் வாஷிங்டன் ஆடிய முதல் ஆட்டம் யாரோடு பாருங்கள்: டிசம்பர் 2, சொந்த மைதானத்தில், மூர்மனின் பஃபலோவோடு. வாஷிங்டன் தடுப்பாட்டம் முதல் பந்துக்குப் பத்துப் பேரோடு நின்றது, டெய்லரின் இடம் காலி. பஃபலோவின் ஃபிரெட் ஜாக்சன் அதில் 22 கெஜம் ஓடினார். அன்று பஃபலோ 17–16 என்று ஜெயித்தது.