லாட்வியால ரஷ்ய மொழி பேசறவங்களோட கட்சி முதல் இடம் வந்தும் ஏன் ஆட்சிக்கு வரல?

நீங்க கேக்குறது ஹார்மனி கட்சிய பத்தி. 2011, 2014, 2018னு மூணு தேர்தல்லயும் அவங்கதான் ஃபர்ஸ்ட், ஆனா 2011ல 100 சீட்ல 31 வாங்கியும் மத்த லாட்விய கட்சிங்கல்லாம் ஒண்ணா சேந்து வெளியவே நிறுத்திட்டாங்க, மாஸ்கோ பக்கம் சாயறவங்கன்னு சந்தேகம். தலைநகர் ரீகால மட்டும் அந்த கட்சியோட நில்ஸ் உஷகோவ்ஸ் 2009லேந்து 2019 வரைக்கும் மேயர். இன்னொண்ணு, லாட்வியா சோவியத் யூனியன்ல இருந்த காலத்துல குடியேறின, ரஷ்ய மொழி பேசற குடும்பங்கள்ல நிறைய பேருக்கு இன்னும் குடியுரிமையே இல்ல, ஊதா கலர்ல தனி பாஸ்போர்ட், உள்ளாட்சி தேர்தல்ல கூட ஓட்டு கிடையாது, அங்கயே பொறந்தவங்களும் இதுல உண்டு, எனக்கு இது அநியாயமாதான் படுது. 2022ல உக்ரைன் போர ஹார்மனி கண்டிச்சதும் ரஷ்ய ஆதரவு ஓட்டு நழுவிருச்சு, லாட்வியர் ஓட்டும் வரல, சீட் கிடைக்க தேவையான 5% ஓட்ட தாண்ட முடியாம ஒரு சீட் கூட கிடைக்கல.