சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கியவன்

கேள்வி: திரைப்படத்தில் ஒரு பாத்திரம் பின்னணிக் குரலில் கதை சொல்வதற்கும், கேமராவைப் பார்த்துப் பேசுவதற்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் நம்மிடம்தானே பேசுகிறது?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: பேசுவது நம்மிடம்தான், ஆனால் எந்தக் காலத்தில் நின்று பேசுகிறது என்பதில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பின்னணிக் குரல் பெரும்பாலும் எல்லாம் நடந்து முடிந்த பிறகு ஒலிப்பது. பில்லி வைல்டரின் ‘சன்செட் பொலிவார்ட்’ (1950) படத்தில், நீச்சல் குளத்தில் கண் திறந்தபடி பிணமாக மிதப்பவனே தன் கதையைச் சொல்கிறான். நாமும் மறுப்பின்றிக் கேட்கிறோம். அந்தப் பிணம் உதட்டை அசைத்துப் பேசியிருந்தால் அரங்கமே சிரித்திருக்கும்.

கேமராவைப் பார்த்துப் பேசுவதோ அந்தக் கணத்திலேயே நிகழ்வது. மேடைக்கும் அவைக்கும் நடுவே ஒரு சுவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு நடிக்கும்படி 1758-இல் எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ. (நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் அந்தச் சுவரை எழுப்பவே விட்டதில்லை.) அச்சுவர் இடியும்போது, ஒளிந்திருந்து பார்த்துக்கொண்டிருந்த நாம் கையும் களவுமாகப் பிடிபடுகிறோம்.

இரண்டின் வலிமையையும் ஒரே படத்தில் காண வேண்டுமானால், மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘குட்ஃபெல்லாஸ்’ (1990) பாருங்கள். அண்டை வீட்டுக்காரனை அடித்த இரத்தம் காயாத துப்பாக்கியை, குற்றக் கும்பலைச் சேர்ந்த ஹென்றி தன் காதலி கேரனிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொல்கிறான். நாம் காண்பது அதை வாங்கும் கைகளைத்தான். தோழிகளாக இருந்தால் அப்போதே விலகியிருப்பார்கள் என்றும், தனக்கோ அது கிளர்ச்சியூட்டியது என்றும் ஒப்புக்கொள்வது அவளது பின்னணிக் குரல். பிம்பத்தால் காட்ட முடியாததைச் சொல்வதே அக்குரலின் வேலை. காட்சியில் தெரிவதையே திரும்பச் சொல்லும் குரல், என்னைக் கேட்டால், வெறும் சோம்பேறித்தனம்.

இப்படி இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குரலாகவே நம்மோடு இருந்த ஹென்றி, இறுதியில் நீதிமன்றத்தில் கூட்டாளிகளை அடையாளம் காட்டிவிட்டு, சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி, நம்மைப் பார்த்துப் பேசியபடியே நடந்து வருகிறான். அவன் வருந்தவில்லை, கைநழுவிப்போன சுகபோகத்தை எண்ணி அங்கலாய்க்கிறான். குரலாக மட்டும் இருந்தவரை அவனது கதையை ரசித்துக்கொண்டிருந்த நமக்கு, முகம் எதிரே வந்து நின்றதும் நெளியத் தோன்றுகிறது. பேச்சு மறுபடியும் பின்னணிக் குரலாக மாறிய பிறகும், வாசலில் கிடக்கும் செய்தித்தாளை எடுக்க வரும் ஹென்றி, ஒரு கணம் நம்மைப் பார்த்துவிட்டே வீட்டுக்குள் போகிறான்.